மாற்றப்படாத வண்டி என்னும் மாயை

குரூசர் வகை மோட்டார் சைக்கிளை வாங்கியவர் அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வைத்திருக்க வேண்டும் என்றொரு கோட்பாடு வண்டி ஆர்வலரிடையே வேதவாக்காகப் புழங்குகிறது. இருக்கையைத் திருத்தித் தைப்பதும், ஹேண்டில்பாரை இரண்டு அங்குலம் உயர்த்துவதும், ஃபுட்ரெஸ்ட்டை நகர்த்துவதும் வண்டியின் 'அசல் தன்மை'யைச் சிதைக்கும் செயல்களாம். அந்த அசல் தன்மைக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'ஸ்டாக்'. மாற்றாமல் வைத்திருப்பவர் வண்டியை மதிப்பவர். மாற்றியவர் ரசனையற்றவர், அல்லது அறியாதவர். முதுகுவலியைப் பற்றிப் பேசினால், 'உனக்கு இந்த வண்டி சரிப்படாது, வேறு வாங்கு' என்பதே விடை. பொறியியல் நெறி போலத் தோற்றமளிக்கும் இக்கோட்பாடு உண்மையில் ஒரு சமூகப் பார்வை. உற்பத்தி செய்தவரின் முடிவே இறுதியானது, பயன்படுத்துபவரின் உடல் அதற்கு இணங்க வேண்டும் என்பதே அதன் உள்ளீடு.

இப்பார்வையைச் சோதித்துப் பார்க்கப் பெங்களூரின் மர்பி டவுனைவிடப் பொருத்தமான இடம் அரிது. அல்சூருக்கும் இந்திராநகருக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் இப்பகுதி முன்னர் நாக்ஸ்பேட்டை எனப்பட்டது. 1809இல் தோன்றிய கண்டோன்மென்ட்டின் படைக்கும் பங்களாக்களுக்கும் உழைத்த எளிய குடும்பங்கள், பெரும்பாலும் தமிழ் பேசுவோர், வாழ்ந்த இடம் அது. 1920களில் அங்கே ஒழுங்கான தெருக்களும் ஓடு வேய்ந்த மாதிரிச் சிறுவீடுகளும் எழுந்தன. அமைத்த பொறியாளர் மர்பியின் பெயரே ஊர்ப்பெயராக நிலைத்தது. வீட்டின் அகலத்தையும் சாளரத்தின் இடத்தையும் முடிவு செய்தவர் அதில் குடியிருக்கப் போகிறவர் அல்லர். குடியேறியவர்கள் அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் அவ்வீடுகளைத் தம் வாழ்க்கைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள். மகனுக்குத் திருமணமானால் ஓர் அறை, முதிர்ந்த தாய்க்காக உள்ளேயே ஒரு கழிப்பறை, வாடகை வருவாய்க்காக ஒரு மாடி. இன்று கேமராவுடன் வரும் பாரம்பரிய ஆர்வலர், எஞ்சி நிற்கும் ஓட்டு வீட்டைப் படமெடுத்துக்கொண்டு, மற்றவை 'கெட்டுவிட்டன' என எழுதுகிறார். அவை கெட்டது யாருக்கு என்று அவர் கேட்பதில்லை. அவ்வீடுகளில் இன்றும் மக்கள் வாழ முடிகிறது என்றால், அதற்கு அவர் வெறுக்கும் அந்தக் கூடுதல் அறைகளே காரணம்.

அதே தெருவில் வாசற்படியை ஒட்டி நிறுத்தப்பட்டிருக்கும் மீட்டியோர் 350இன் இருக்கையை யாரேனும் திருத்தித் தைத்திருந்தால், அதைப் பார்க்கும் ஆர்வலரிடமிருந்து எழுவதும் அதே புலம்பல்தான். சொற்கள்கூட மாறுவதில்லை: அசல், பாரம்பரியம், சிதைவு.

முதலில் வரலாற்றைப் பார்க்கலாம். குரூசர் என்ற வகையே மாற்றத்தின் பிள்ளை. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தொடங்கி, போரிலிருந்து திரும்பிய வீரர்களால் பெருகிய ஒரு பழக்கம், கனமான ஹார்லி, இந்தியன் வண்டிகளின் மட்கார்டுகளை வெட்டியும் தேவையற்ற பாகங்களைக் கழற்றியும் தமக்கு ஏற்ப ஆக்கிக்கொள்வது. 'பாபர்' வந்தது, பின்னர் 'சாப்பர்' வந்தது. கொல்லைப்புறக் கொட்டகைகளில் நடந்த இந்த வேலையை ஹார்லி நிறுவனம் நெடுங்காலம் விரும்பவில்லை. பிறகு 1971இல், வில்லி ஜி. டேவிட்சன் பெரிய வண்டியின் சட்டத்தோடு சிறிய ஸ்போர்ட்ஸ்டரின் முன்பக்க ஃபோர்க்கைச் சேர்த்து 'சூப்பர் கிளைட்' என்னும் வண்டியைத் தொழிற்சாலையிலிருந்தே வெளியிட்டார். தெருவில் ஆட்கள் செய்துகொண்டிருந்ததை நிறுவனம் எடுத்துத் தன் முத்திரையைக் குத்தி விற்றது. இன்று 'ஸ்டாக் குரூசர்' எனப் போற்றப்படும் அமைப்பு, வேறொருவர் செய்த மாற்றத்தின் அச்சுப்பிரதி.

அந்த வேறொருவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. 1969இல் வெளியான 'ஈஸி ரைடர்' திரைப்படத்தின் சாப்பர்கள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றை உருவாக்கியவர்களுள் முதன்மையானோர் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்னும் இரு கறுப்பினத்தவர். படத்தில் அவர்கள் பெயர் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்தே அவர்களது உழைப்பு பரவலாகப் பேசப்பட்டது. வண்டி சின்னமானது, செய்த கை மறைந்தது. அசல் தன்மையின் காவலர்கள் அசலின் ஆசிரியர் யாரென்று அரிதாகவே கேட்கிறார்கள்.

இந்தியாவுக்கு வந்தால் கதை இன்னும் சுவாரசியமானது. 1955இல் தொடங்கித் திருவொற்றியூரில் புல்லட்டைச் செய்துவந்த நிறுவனம், 2002இல் 'தண்டர்பேர்டு' என்ற பெயரில் தன் குரூசரை நிலைநிறுத்தியது. 2018இல் அதே வண்டி தட்டையான ஹேண்டில்பாரும் அலாய் சக்கரமும் டியூப் இல்லாத டயரும் பெற்று 'தண்டர்பேர்டு எக்ஸ்' ஆயிற்று. 2020 நவம்பரில் அதனிடத்தில் புதிய எஞ்சினோடு மீட்டியோர் 350 வந்தது. புல்லட்டின் கியர் லிவர் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறியபோது, வார்ப்பிரும்பு எஞ்சின் மாசு விதிகளால் விடைபெற்றபோது, தூய்மைவாதிகள் கண்ணீர் விட்டார்கள். பிறகு புதியதையே 'ஸ்டாக்' என்று அழைக்கப் பழகினார்கள். சுவடிப் பதிப்பில் மூலபாடம் தேடுவதற்கு ஒரு நியாயம் உண்டு, ஏனெனில் ஆசிரியர் இறந்துவிட்டார். இங்கே ஆசிரியரே ஆண்டுதோறும் தன் பாடத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார். வாசகர் ஓர் எழுத்தைத் தொட்டால் மட்டும் பிழையாகிவிடுகிறது.

நிறுவனத்தின் விலைப்பட்டியல் இந்தப் பாடபேதத்தை ஒளிவின்றிக் காட்டுகிறது. மீட்டியோர் அறிமுகமானபோது ஃபயர்பால், ஸ்டெல்லார், சூப்பர்நோவா என மூன்று படிகளில் வந்தது. பின்னால் அமர்பவரின் முதுகுக்குச் சாய்மானம் வேண்டுமென்றால் நடுப்படி. முன்னே காற்றுத் தடுப்பும் வேண்டுமென்றால் மேற்படி. அகலமான இருக்கையும் வேறு ஹேண்டில்பாரும் ஃபுட்ரெஸ்ட்டும் நிறுவனத்தின் துணைப்பொருள் பட்டியலில் உள்ளன. 2020இலேயே 'மேக் இட் யுவர்ஸ்' என்ற பெயரில், வாங்கும்போதே வண்டியைத் தன் விருப்பப்படி தேர்ந்து அமைத்துக்கொள்ளும் திட்டமும் வந்துவிட்டது. ஆக, வசதிக்காக மாற்றுவது பிழையென்று உற்பத்தியாளரே கருதவில்லை. ஷோரூமில் பில் போட்டு மாற்றினால் 'பெர்சனலைசேஷன்'. தெருமுனை குஷன் கடையில் அதில் சிறு பங்கு செலவில் மாற்றினால் 'கெடுத்துவிட்டான்'. இரண்டுக்கும் இடையே பஞ்சின் தரத்தில் வேறுபாடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரசீதில் நிச்சயம் வேறுபாடு உண்டு.

இனி உடலுக்கு வரலாம். (பண்பாட்டு ஆய்வுக் கருத்தரங்குகளில் 'உடல்' என்ற சொல் ஒலிக்காத அமர்வில்லை, ஆனால் அந்த உடலுக்கு இடுப்பெலும்பு உண்டென்பது அங்கே நினைவுக்கு வருவதில்லை.) வண்டியில் அமர்ந்திருப்பவரின் உடல் மூன்று புள்ளிகளில் தொங்குகிறது: கை பிடிக்கும் ஹேண்டில்பார், அமரும் இருக்கை, பாதம் ஊன்றும் ஃபுட்ரெஸ்ட். இம்முக்கோணத்தின் அளவே வலியையும் வசதியையும் தீர்மானிக்கிறது. சாதாரண வண்டியில் ஃபுட்ரெஸ்ட் ஏறத்தாழ உடலுக்குக் கீழே இருக்கும். பள்ளம் வந்தால் பாதத்தை ஊன்றிச் சற்றே எழுந்துகொள்ளலாம், முழங்கால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். குரூசரில் கால் முன்னே நீள்கிறது. எழ வழியில்லை. இடுப்பு பின்னோக்கிச் சரிகிறது, கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிறது, குலுக்கல் நேரே வால் எலும்பின் வழியாகத் தண்டுவடத்துக்கு ஏறுகிறது. படத்தில் பார்க்கச் சோம்பலான, சுகமான அமர்வு. மோசமான சாலையில் முதுகெலும்புக்கு அதுவே கடினமான அமர்வு.

தாழ்ந்த இருக்கையும் இதற்கு உடந்தை. சூப்பர் மீட்டியோர் 650இன் இருக்கை தரையிலிருந்து 740 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டியின் எடை 241 கிலோ. உயரம் குறைந்தவரும் காலூன்றலாம் என்பதால் அது வரவேற்கத்தக்கது. ஆனால் இருக்கையைத் தாழ்த்தினால் பின்சக்கரம் மேலே எழ இடம் குறைகிறது. அவ்வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பருக்குக் கிடைக்கும் அசைவு 101 மில்லிமீட்டர் மட்டுமே. குறுகிய இடத்துக்குள் பெரிய எடையைத் தாங்க ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தாக வேண்டும். அவ்வண்டியின் பின்பக்கம் கடினமானது என்று அதை ஓட்டிப் பார்த்து எழுதியோர் பலரும் குறைகூறினர். அது தயாரிப்புக் குறைபாடு அன்று, அழகுக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் ஓட்டுபவரின் முதுகு கையெழுத்திடவில்லை.

அவ்வமர்வு யாருக்காக அளந்து செய்யப்பட்டது என்ற கேள்வி இங்கே எழுகிறது. 1950இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடலை அளந்தது. விமானி அறையைச் 'சராசரி' விமானிக்கு ஏற்ப வடிவமைப்பது நோக்கம். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அவ்வளவுகளில் பத்தை எடுத்துக்கொண்டு, பத்திலும் நடுத்தர எல்லைக்குள் அடங்குபவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை. உயரத்தில் சராசரியானவருக்குக் கை நீளம், கையில் சராசரியானவருக்குத் தொடை குட்டை. சராசரி மனிதனுக்காகச் செய்யப்பட்ட அறை எவருக்கும் பொருந்தாத அறை என்பது புலனாயிற்று. விமானப்படை விமானிகளை மாற்றவில்லை. நகர்த்தக்கூடிய இருக்கையையும் மிதிகளையும் கோரியது. இந்தியாவிலும் இத்தகைய அறிவு இல்லாமல் இல்லை. தேப்குமார் சக்ரவர்த்தி தொகுத்து 1997இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வெளியிட்ட இந்திய உடலளவு நூல், இந்திய உடல்களின் அளவுகளைச் சதமானங்களாகப் பிரித்து அட்டவணைப்படுத்துகிறது. அத்தகைய அட்டவணையின் பொருளே இரு முனைகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதுதான்.

காரில் ஏறும் ஒருவர் முதலில் செய்வது என்ன? இருக்கைக்குக் கீழே கைவிட்டு லிவரை இழுத்து முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்துவது. சாய்வைத் திருத்துகிறார், ஸ்டியரிங்கைத் தாழ்த்துகிறார். அவர் காரை 'மாடிஃபை' செய்தார் என்று எவரும் சொல்வதில்லை. அந்த லிவருக்கான செலவைத் தொழிற்சாலை ஏற்றிருக்கிறது, அவ்வளவே. மோட்டார் சைக்கிளில் அந்த லிவர் இல்லை. இருக்கை போல்ட்டால் பூட்டப்பட்டது. ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைச் சில படிகள் இறுக்கவோ தளர்த்தவோ முடிவதோடு தொழிற்சாலையின் தாராளம் முடிந்துவிடுகிறது. ஆகவே ஹேண்டில்பாரின் அடியில் ஒரு ரைசரை வைப்பதும், பஞ்சை அரைக்கால் அங்குலம் செதுக்குவதும் வண்டியை அதன் இயல்பிலிருந்து விலக்கும் செயல்களல்ல. காருக்குத் தொழிற்சாலை செய்துகொடுத்த வேலையை, இரு சக்கர வண்டிக்குப் பயனர் தன் கைக்காசில் செய்துமுடிக்கிறார்.

சாலையையும் மறக்கக் கூடாது. வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த தரநிலை ஒன்றுண்டு: மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு, 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட, 17 மீட்டர் ஆரத்தில் மெல்ல எழும் வளைவு. பெங்களூரின் உட்தெருக்களில் இந்த அளவோடு ஒரு வேகத்தடையைத் தேடுவது நல்ல களப்பணிப் பயிற்சியாக அமையும். கண்ணுக்குப் படுவதெல்லாம் ஓர் அடி அகலத்தில் சுவர்போல நிற்கும் மேடு, குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்ட கீறல், அதன்மேல் கொட்டிய ஜல்லி. சாலை தரநிலைப்படி இல்லை. மேடு தரநிலைப்படி இல்லை. வண்டி மட்டும் தொழிற்சாலைத் தரநிலைப்படி இருந்தாக வேண்டுமாம். மர்பி டவுனிலிருந்து பழைய மெட்ராஸ் சாலையைப் பிடித்தால் கோலார் தங்கவயல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். தங்கவயலிலும் ஆம்பூரிலும் வேலூரிலும் உறவுகளை உடைய தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் அரிதல்ல. ஐந்தடி மூன்றங்குல உயரமுள்ள ஒருவர் ஆறடி ஆளுக்கான கைநீட்டலோடு அந்தத் தூரத்தை ஞாயிறுதோறும் போய்வருவதை ரசனைப் பிரச்சினையாகப் பார்ப்பவருக்கு, அந்தப் பயணத்தை ஒருமுறை செய்துபார்க்கும்படி மட்டும் பரிந்துரைக்கலாம்.

அவர் தனியாகவும் போவதில்லை. குரூசரின் வடிவம் தனித்துச் செல்லும் ஓர் ஆணின் கற்பனை. முன் இருக்கை அகன்று குழிந்திருக்கும். பின் இருக்கை, பெயருக்கு ஒரு திண்டு. விளம்பரப் படத்தில் நெடுஞ்சாலையும் மலையும் ஒரு மனிதனும் இருப்பார்கள். மருத்துவமனைக்குப் போகும் மாமியார் இருக்கமாட்டார். நடைமுறையில் இந்திய வண்டியின் பின்னிருக்கை குடும்பத்தின் இருக்கை. சேலை கட்டிய பெண் ஒரு பக்கமாக அமரும்போது அவளது இரு பாதங்களும் இடப்பக்கம் தொங்குகின்றன. எடை முழுவதும் ஒரு பக்க இடுப்பில் இறங்குகிறது. வண்டியும் அப்பக்கம் இழுக்கிறது. அந்த இரு பாதங்களுக்காக இந்தியப் பட்டறைகள் கண்டெடுத்த அகலமான பக்கவாட்டு ஃபுட்ரெஸ்ட்டு எளிய கண்டுபிடிப்பு. பின்னால் முதுகைத் தாங்கும் சாய்மானமும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் அதே வகையைச் சேர்ந்தவை. இவற்றை வண்டியின் 'கோட்டழகை'க் கெடுப்பவை என ஒதுக்குவோர், யாருடைய உடலை வண்டியின் கணக்கிலிருந்து ஒதுக்குகிறார்கள் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

தூய்மைவாதிகள் வாதத்தில் தளரும்போது எடுக்கும் கடைசி ஆயுதம் சட்டம். 'உச்ச நீதிமன்றமே தடைசெய்துவிட்டது' என்பார்கள். 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையே அவர்கள் சுட்டுகிறார்கள். அத்தீர்ப்பு நின்றது மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்மீது. பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அப்பிரிவு. 'மாற்றம்' என்பதற்கு அப்பிரிவின் விளக்கமே எல்லை வகுக்கிறது: வண்டியின் அடிப்படை இயல்பை மாற்றும் கட்டமைப்பு மாற்றம். பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் எஞ்சின் எண், சேசிஸ் எண், நிறம், எரிபொருள், எஞ்சின் கொள்ளளவு, எத்தனை பேர் அமரலாம் என்பன இருக்கும். பஞ்சின் அடர்த்திக்கு அதில் இடமில்லை. சட்டத்தைப் படித்தவருக்கு எஞ்சினை மாற்றுவதும் இருக்கை உறையை மாற்றுவதும் ஒன்றல்ல. தலைப்புச் செய்தியை மட்டும் படித்தவருக்கு இரண்டும் ஒன்றே.

ஆனாலும் சட்டத்தின் மீது குறை இல்லாமல் இல்லை. 2019 திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்கிறது. எது அனுமதிக்கப்பட்டது என்ற தெளிவான பட்டியல் குடிமகன் கையில் இல்லாத நிலையில், அந்த முடிவு சாலையோரத்தில், மறித்து நிறுத்தும் காவலரின் விருப்பத்தில் எடுக்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிக்காகத் திருத்தியமைக்கப்படும் வண்டியைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது, அது நல்லது. ஆனால் சான்றிதழ் பெறும் அளவுக்குக் குறைபாடு இல்லாத, அதேசமயம் தொழிற்சாலையின் சராசரிக்கும் அடங்காத கோடிக்கணக்கான உடல்கள் நடுவே நிற்கின்றன. இடுப்புத்தட்டு விலகியவர், பிரசவத்துக்குப் பின் மீண்டும் வண்டியெடுக்கும் பெண், அறுபதைக் கடந்தவர் ஆகியோருக்கு எந்தப் படிவமும் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களுள் ஒன்றுக்கு மட்டும் வலுவுண்டு. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. கெட்ட மாற்றம் ஆளைக் கொல்லும். ஹேண்டில்பாரை உயர்த்திவிட்டு பிரேக் ஹோஸையும் கிளட்ச் கேபிளையும் நீட்டாமல் விட்டால், முழுதாக வளைக்கும்போது அவை இழுபடும். ஃபுட்ரெஸ்ட்டை நகர்த்தினால் பிரேக் மிதியின் நெம்புகோல் கணக்கே மாறிவிடும். ஸ்பிரிங்கை அளவுக்கு மீறித் தளர்த்தினால் திருப்பத்தில் வண்டியின் அடிப்பாகம் சாலையைத் தொடும். விளக்குக்காகக் கம்பியை வெட்டி ஒட்டினால் ஒருநாள் புகை வரும். மிக மென்மையான பஞ்சு கடையில் அழுத்திப் பார்க்கச் சுகமாக இருக்கும், ஐம்பது கிலோமீட்டரில் தட்டையாகி அடித்தகட்டில் உட்கார வைக்கும். இவை எல்லாம் உண்மை. இவற்றிலிருந்து கிடைப்பது, தேர்ந்த கையும் முறையான பரிசோதனையும் வேண்டும் என்ற முடிவு. எவரும் தொடவே கூடாது என்ற முடிவு இவற்றிலிருந்து கிடைக்காது. தவறாகத் தைத்த செருப்பு காலைக் கடிக்கும் என்பதால் எல்லாரும் ஒரே அளவுச் செருப்பை அணிய வேண்டும் என்று யாரும் வாதிடுவதில்லை.

சைலன்சரை மாற்றுவோரை இந்த வாதத்துக்குள் இழுத்துவருவது இன்னொரு தந்திரம். 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் 80 டெசிபல் எல்லை வைத்துள்ளன. வீட்டுச் சாளரம் தெருவையே தொடும் மர்பி டவுன் போன்ற இடத்தில், இரவு பதினொரு மணிக்குத் தடுப்பில்லாத சைலன்சரோடு செல்பவர் தன் வசதிக்காக எதையும் செய்யவில்லை. மற்றவர் உறக்கத்தை எடுத்துத் தன் மகிழ்ச்சியாக்கிக்கொள்கிறார். அவருக்கு விழும் அபராதத்துக்கு யாரும் இரங்க வேண்டியதில்லை. இருக்கையைத் திருத்தியவரையும் அவரையும் 'மாடிஃபை செய்பவர்கள்' என்ற ஒரே சொல்லில் அடைப்பது, மூக்குக் கண்ணாடி அணிபவரையும் முகமூடி அணிபவரையும் ஒரே வகையில் சேர்ப்பது போன்றது.

மறுவிற்பனை மதிப்பு என்ற வாதம் நீண்ட மறுமொழிக்கு உரியதன்று. மாற்றாத வண்டிக்கு விலை அதிகம் கிடைக்கும் என்பது சரியே. அதாவது, அடுத்து வாங்கப் போகும் யாரோ ஒருவருக்காக இன்றைய உரிமையாளர் ஐந்தாண்டுகள் வலியைச் சேமித்துவைக்க வேண்டும்.

இந்த வாதம் முழுவதிலும் உண்மையில் பணயமாக இருப்பது அறிவின் மதிப்பு. இருக்கை தைப்பவர் என்ன செய்கிறார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வந்தவரை வண்டியில் உட்காரவைக்கிறார். எங்கே வலிக்கிறது, எத்தனை கிலோமீட்டரில் தொடங்குகிறது, பின்னால் யார் அமர்வார் என்று கேட்கிறார். உறையைக் கழற்றினால் பஞ்சு எங்கே நசுங்கியிருக்கிறது என்பதே அவருக்குப் பாதி விடை. இடுப்பெலும்பு அழுந்தும் இரு இடங்களில் குடைந்து வேறு அடர்த்தியில் பஞ்சு பதிக்கிறார். தொடை உரசும் முன்விளிம்பைச் செதுக்கி ஒடுக்குகிறார், அதனால் குட்டையானவரின் கால் தரையை எட்டுகிறது. பின்பக்கம் சற்றே ஏற்றி, இடுப்பு பின்னே சரியாமல் தடுக்கிறார். ரெக்சினை இழுத்துப் பின் அடிக்கும் முன் மறுபடியும் உட்காரச் சொல்கிறார். சமச்சீரற்ற ஓர் உடலை அளந்து, கருதுகோள் வைத்து, பொருளில் சோதித்து, திருத்துகிறார். இதே வேலையைப் பல்கலைக்கழகத்தில் அழுத்த உணரிகளோடு செய்தால் அதற்குப் பெயர் மனிதக்காரணியியல், கட்டுரையாகும், பட்டமாகும். ஜே.சி. ரோட்டின் உதிரிபாகச் சந்திலோ, அல்சூரின் ஒரு கடைப்படியிலோ செய்தால் அதற்குப் பெயர் 'லோக்கல் வேலை'.

அந்தப் பெயரிடலில் சாதியின் நெடி இருக்கிறது. தோல், தையல், பசை, கிரீஸ் ஆகியவற்றோடு புழங்கும் கை அறியாது, எழுதும் கையே அறியும் என்ற பழைய பிரிவினை இந்தியக் கல்விப்புலத்திலிருந்து இன்னும் வெளியேறவில்லை. ராபர்ட் பிர்ஸிக் 1974இல் எழுதிய 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' நூலில் ஒரு நிகழ்வு வருகிறது. நண்பரின் விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ வண்டியின் ஹேண்டில்பார் நழுவுகிறது. பீர் டப்பாவின் தகட்டை வெட்டி இடுக்கில் செருகினால் பிடித்துக்கொள்ளும் என்கிறார் கதைசொல்லி. பொருளளவில் அது மிகப் பொருத்தமான தகடு. நண்பரோ முகம் சுளிக்கிறார். அந்த வண்டிக்குப் பீர் டப்பாவா? இந்நூலைப் பாடமாக வைத்துப் பேசும் துறைகள் உண்டு. அந்த நண்பரைப் பார்த்து வகுப்பு சிரிக்கும். மணி அடித்ததும் வெளியே வந்து, திருத்தித் தைத்த இருக்கையைக் கண்டு அதே முகச்சுளிப்பைச் சுளிக்கும்.

கடைசியாக ஒரு சிறு தகவல். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதிப்படி, இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும், பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட்டும், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியையாவது மூடும் தடுப்பும் கொண்டே தொழிற்சாலையைவிட்டு வெளிவர வேண்டும். பேச்சு வழக்கில் அதன் பெயர் சேலை கார்டு. அது தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது, சட்டம் கட்டாயமாக்கியது, ஐயத்துக்கிடமின்றி 'ஸ்டாக்'. தங்கள் குரூசரில் ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை என்று பெருமையோடு படம் இடும் ஆர்வலர்களின் பதிவுகளைப் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தால், எத்தனை வண்டிகளில் அந்தத் தடுப்பு இருந்த இடத்தில் இரண்டு காலித் துளைகள் மட்டும் தெரிகின்றன என்பதை எவரும் எண்ணிக்கொள்ளலாம்.